சென்ட்ரிங் மேஸ்திரியும் தச்சு மேஸ்திரியும்

சென்னைப் புறநகரில் எழும்பும் அடுக்குமாடிக் கட்டடம் ஏதாவது ஒன்றில் நுழைந்து "கார்பெண்டர் ஃபோர்மேன் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். இழைப்புளியைத் தொட்டே பல வருஷம் ஆன ஒருவரிடம் கொண்டுபோய் விடுவார்கள். இடுப்பில் டேப், கையில் சுத்தியல், சட்டையெல்லாம் ஷட்டரிங் ஆயில் கறை. தூணுக்குப் பெட்டி அடிப்பவர், கூரைக்கு முட்டுக் கொடுப்பவர்; அதாவது சென்ட்ரிங்காரர். அதே கேள்வியைக் காரைக்குடிப் பக்கம் ஒரு தனி வீட்டு வேலையில் கேட்டால், தேக்குப் பலகைகளை நிழலில் அடுக்கி நடுநடுவே சட்டம் வைத்துக் காற்றோட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசாரியைக் காட்டுவார்கள். இருவர் செய்வதும் தச்சு வேலைதான். இருவருக்குக் கீழும் ஆட்கள் உண்டு. இருவரையும் ஊர் 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுகிறது.

இவர்களுடைய பொறுப்புகளைத் தாளில் எழுதினால் ஒரே பட்டியல்தான் வரும். காலையில் ஆளைப் பிரித்து வேலை கொடுப்பது, சாமான் கணக்கு, வரைபடத்தைப் படித்து அளவு குறிப்பது, செய்த வேலையைச் சரிபார்ப்பது, ஆளுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வது, இன்ஜினியரிடமும் வீட்டுக்காரரிடமும் பதில் சொல்வது, சனிக்கிழமை கூலி பிரிப்பது. நிறுவனங்கள் வேலைக்கு ஆள் கேட்டு வெளியிடும் குறிப்புகளிலும் இதற்கு மேல் பெரிதாக எதுவும் இருக்காது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு முழு நாள் நின்று பார்த்தவருக்கு இந்தப் பட்டியல் எவ்வளவு வெறுமையானது என்று தெரியும். எதைக் கண்காணிக்கிறார், எப்போது பயப்படுகிறார், எந்த இடத்தில் சறுக்க வாய்ப்பு என்பதில்தான் இந்த இருவரும் வேறு வேறு மனிதர்கள்.

சென்ட்ரிங் மேஸ்திரியின் கவலை எடை. சாதாரண வீட்டுக்குப் போடும் ஐந்து அங்குலக் கூரை, அதாவது 125 மில்லிமீட்டர் தளம், ஒரு சதுர மீட்டருக்கு 310 கிலோவுக்குக் குறையாது. 1,000 சதுர அடிக் கூரை என்றால் ஏறக்குறைய 29 டன். பீம்கள் இதில் சேராது. இந்த எடை முழுவதும் காங்கிரீட் இறுகும்வரை கம்பியின் மேலோ தூணின் மேலோ நிற்பதில்லை. சவுக்குக் கம்பின் மேலும் இரும்பு ஜாக்கியின் மேலும் நிற்கிறது. மூன்றடிக்கு மூன்றடி ஒரு முட்டு என்று கொடுத்தாலும் ஒவ்வொன்றின் தலையிலும் கால் டன்னுக்கு மேல். மேலே நடமாடும் ஆட்கள், வைப்ரேட்டர், பம்பிலிருந்து விழும் கலவையின் அதிர்வு ஆகியவை அதற்கும் மேல்.

காங்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலை இந்த மனிதரைப் பார்க்க வேண்டும். ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் சுத்தியலோடு கூரைக்கு அடியில் நுழைவார். சவுக்குக் காட்டுக்குள் போவதுபோல உடலை ஒடுக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போவார். ஒவ்வொரு முட்டையும் ஒரு தட்டு. எடை தாங்கி இறுக்கமாக நிற்கும் கம்பு கெட்டியாக ஒலிக்கும். சும்மா நிற்கும் கம்பு தளர்ந்த ஓசை தரும். தளர்ந்த முட்டின் பங்கைப் பக்கத்து முட்டு சுமக்கப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால் அதன் அடியில் இருக்கும் ஜோடி ஆப்பை எதிரெதிராக அடித்து இறுக்கி, வைப்ரேட்டர் அதிர்வில் நழுவாமல் இருக்க ஓர் ஆணியும் வைப்பார். பிறகு தரையைப் பார்ப்பார். பேஸ்மெண்டில் புதிதாகக் கொட்டி நிரவிய மண் என்றால் முட்டின் அடியில் பலகை போட்டே ஆகவேண்டும். பகலில் கெட்டியாகத் தெரிந்த மண், ஒரு ராத்திரி மழைக்குப் பிறகு அரை அங்குலம் இறங்கினால் போதும்; கூரையின் வயிறு கீழே தொங்கிவிடும். அது தொங்கியபடியே இறுகியும் போகும்.

உயரம் கூடும் இடத்தில் இந்தக் கவலை பல மடங்காகிறது. குறுக்குக் கட்டு இல்லாத ஒரு கம்பின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், வளையாமல் தாங்கும் எடை பாதியாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கால்பங்காகிவிடும். இரண்டு மாடி உயரப் போர்டிகோவும், படிக்கட்டுக்கு மேலுள்ள ஹெட்ரூம் கூரையும் அனுபவமுள்ள மேஸ்திரிகளை நெற்றி சுருங்க வைப்பது இதனால்தான். நல்லவர் நடுவில் இரண்டு திசையிலும் கிடைக்கம்பு கட்டி, மூலைக்கு மூலை சாய்வுக் கட்டும் கொடுக்காமல் ஆளை மேலே ஏறவிட மாட்டார். மற்றவர் இரண்டு சவுக்குக் கம்பை ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கயிற்றால் கட்டி 'தாங்கும்' என்பார். பெரும்பாலும் தாங்கிவிடுகிறது என்பதே இதிலுள்ள ஆபத்து. தாங்கிய ஒவ்வொரு கூரையும் அடுத்த கூரைக்கான தவறான சான்றிதழ்.

தூண் பெட்டிக்குக் கணக்கு வேறு. ஈரக் காங்கிரீட் தண்ணீரைப் போலப் பக்கவாட்டில் தள்ளும். ஆனால் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கனம். மூன்று மீட்டர் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால், பெட்டியின் அடிப்பகுதியில் சதுர மீட்டருக்கு ஏழு டன்னுக்கு மேல் தள்ளும். அதனால் அடியில் நெருக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் கிளாம்ப் போடுவார்கள். மெதுவாக, அடுக்கடுக்காக ஊற்றினால் கீழ்ப்பகுதி கொஞ்சம் இறுகத் தொடங்கி அழுத்தம் குறையும். ஆக எவ்வளவு வேகமாக ஊற்றலாம் என்பதிலும் தச்சு மேற்பார்வையாளருக்குச் சொல் உண்டு. நடைமுறையில் பம்ப் ஆபரேட்டர் அவரைக் கேட்பதில்லை. பெட்டி பிதுங்கிய பிறகு எல்லோரும் அவரைக் கேட்பார்கள்.

கூரை போடும் நாளில் அவர் செய்யும் மிக முக்கியமான ஆள்பிரிவு ஒன்று உண்டு. மேலே இருபது பேர் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே யாரை நிறுத்துவது? பீம் அடியில் கசிவு, ஆப்பு நழுவல், ஜாக்கி சாய்வு ஆகியவற்றை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து மேலே குரல் கொடுக்க வேண்டிய ஆள் அவர். வேலை தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். அவர் "நிறுத்து" என்றால் மேலே இருப்பவர்கள் நிறுத்தவும் வேண்டும். புதுப் பையனைக் கீழே அனுப்பிவிட்டு மூத்த ஆளை மேலே கலவை பரப்ப வைக்கும் மேஸ்திரியை நான் மேஸ்திரி என்றே சொல்ல மாட்டேன்.

எடைக்கு அடுத்தது நேரம். நம் நாட்டுக் காங்கிரீட் தரநூலான ஐ.எஸ். 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, முட்டை எப்போது எடுக்கலாம் என்பதற்கு நாள் குறித்திருக்கிறது. தூண், சுவர் போன்ற நிமிர்ந்த பக்கங்களுக்கு 16 முதல் 24 மணி நேரம். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள கூரையின் முட்டுகளுக்கு 7 நாள். அதற்கு மேல் 14 நாள். பீமின் முட்டுகளுக்கு 6 மீட்டர் வரை 14 நாள். அதற்கு மேல் 21 நாள். இது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு. நாம் இன்று வீடுகளுக்கு வாங்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை சாம்பல் கலந்த பி.பி.சி. ரகம். அது முதல் நாட்களில் மெதுவாகத்தான் வலுவேறும். எனவே இந்த நாட்களைக் கூட்டலாமே தவிரக் குறைக்கக் கூடாது.

நாளைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் விலை கொடுத்துப் படித்த இரண்டு பாடங்கள் அமெரிக்காவில் நடந்தன. 1973 மார்ச் 2 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸில் கட்டப்பட்டுவந்த ஸ்கைலைன் பிளாசா அடுக்குமாடியில், இருபதுக்கு மேற்பட்ட ஒரு மாடியில் முட்டுகளைக் காலத்துக்கு முன்பே எடுத்ததில் தளம் விழுந்தது. அது கீழ்த்தளங்களையும் இடித்துக்கொண்டு போனதில் 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1978 ஏப்ரல் 27 அன்று, மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரம் ஒன்றில் 51 பேர் இறந்தார்கள். அங்கே வேலைத்தட்டும் அச்சுப்பலகையும் முந்தைய நாள் ஊற்றிய காங்கிரீட்டையே பிடித்துத் தொங்கின. குளிரில் அது போதிய வலுவை எட்டியிருக்கவில்லை என்று அரசு ஆய்வு சொன்னது. இரண்டு இடத்திலும் 'இன்னும் ஆகவில்லை' என்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

இனி மற்றவரைப் பார்ப்போம். தச்சு மேஸ்திரியின் வேலை கட்டடத்தில் தொடங்குவதில்லை, மரவாடியில் தொடங்குகிறது. வீட்டுக்காரர் மரத்தின் நிறத்தைப் பார்ப்பார், மேஸ்திரி அதன் தலையைப் பார்ப்பார். வெட்டுமுகத்தில் வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு, நடுவில் விரிசல் உண்டா, கணு எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் திருகல் என்று. 2014 ஏப்ரலிலிருந்து மியான்மர் உருண்டை மரங்களின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. செட்டிநாட்டு வீடுகளை நிரப்பிய பர்மாத் தேக்கு அதன்பின் அபூர்வப் பொருளாகிவிட்டது. இப்போது மரவாடிகளில் கிடப்பதில் பெரும்பங்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வரும் தோட்டத் தேக்கு. இளமரம் என்பதால் வெள்ளை அதிகம். வெள்ளையைப் பூச்சி விரும்பித் தின்னும். சாயமும் பாலிஷும் ஏறிவிட்டால் வைரத்துக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. ஐந்து வருஷம் கழித்துத் தெரியும். அப்போது மேஸ்திரி வேறு ஊரில் இருப்பார்.

அடுத்தது கணக்கு. ஏழடி உயரம், மூன்றரை அடி அகலத்துக்கு ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டத்தில் வாசற்படியோடு ஒரு நிலை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கால் சேர்ந்து 14 அடி, மேலும் கீழும் சேர்ந்து 7 அடி. மொத்தம் 21 அடி. அதை ஐந்தாலும் மூன்றாலும் பெருக்கி 144ஆல் வகுத்தால் 2.19 கன அடி. இதை மேஸ்திரி மனக்கணக்காகச் சொல்வார். ஆனால் கணக்குக்கு வராத வேலை ஒன்று இருக்கிறது. வந்திறங்கிய கட்டைகளில் எதிலிருந்து எதை எடுப்பது என்ற முடிவு அது. நீளமான நேர்க்கட்டையைத் துண்டு போட்டு ஜன்னலுக்கு எடுத்துவிட்டால், கடைசியில் தலைவாசலுக்கு ஒட்டுப்போட வேண்டிவரும். முதல் ரம்பம் விழுவதற்கு முன்பே வீட்டின் அத்தனை கதவு ஜன்னலும் அவர் மனசில் அந்தக் கட்டைகளுக்குள் படுத்திருக்க வேண்டும். உதவியாளர்கள் அறுப்பார்கள், இழைப்பார்கள், துளை போடுவார்கள். சாக்பீஸால் கோடு போடுவது மட்டும் அவர் கை.

மரம் அறுத்த பிறகும் அசையும் பொருள். நாரின் நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. குறுக்கே ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். வளையத்தை ஒட்டிய திசையில் வரும் சுருக்கம், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் வருவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அகலப் பலகை வளைவதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். சட்டக் கதவில் நடுப்பலகையைப் பசைவைத்து ஒட்டாமல், நான்கு பக்கமும் காடி எடுத்து அதற்குள் கொஞ்சம் இடைவெளி விட்டு மிதக்க விடுவார்கள். பசை போட்டு இறுக்கினால், ஐப்பசி மழையில் விரிந்து சட்டத்தைப் பிளக்கும், அல்லது சித்திரை வெயிலில் சுருங்கித் தானே கிழியும். புது உதவியாளருக்கு இது புரியாது. "ஆடுதே அண்ணே, ஒட்டிரலாமா?" என்பான். "ஆடத்தான் விட்டிருக்கேன்" என்பார் மேஸ்திரி. விளக்கமெல்லாம் அவ்வளவுதான். இந்தத் தொழிலில் பாடம் இப்படித் துண்டு துண்டாகத்தான் இறங்கும்.

நிலையைச் சுவரில் நிறுத்தும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வது. மூலைவிட்டம் பிடிப்பது மேஸ்திரியின் வேலை. மேலே சொன்ன நிலைக்கு இரண்டு மூலைவிட்டமும் ஏறக்குறைய 7 அடி 10 அங்குலம் வரும். அந்த அங்குலக் கணக்கு முக்கியமில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வித்தியாசத்தையே அவர் கண் பொறுக்காது. ஐ.எஸ். 456இல் தூண், பீம் பரிமாணங்களுக்குத் தரப்பட்ட சலுகை 12 மில்லிமீட்டர் கூடுதல், 6 மில்லிமீட்டர் குறைவு. அதில் கூடுதலுக்கான சலுகை மட்டுமே தச்சர் கணக்கில் ஏறக்குறைய நான்கு நூல். நான்கு நூல் பிசகிய நிலையில் கதவு சாத்தாது. ஆனால் நான்கு நூல் பெருத்த தூணால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது; சிமெண்ட் பூச்சில் மறைந்துவிடும். இதை வைத்து ஆசாரி நுட்பமானவர், சென்ட்ரிங்காரர் முரட்டு வேலைக்காரர் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இதில் எனக்கு உடன்பாடில்லை. நுட்பம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆசாரிக்கு அது நூலில், மற்றவருக்கு அது எந்தக் கம்பு தளர்ந்திருக்கிறது என்பதில்.

இருவரும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடம் லிண்டல். சுவர் எழும்பும்போதே நிலை நிறுத்தும் பழக்கமுள்ள வீடுகளில், நிலையின் தலைக்கு மேலே சென்ட்ரிங்காரர் லிண்டலுக்குப் பெட்டி அடிக்க வருவார். தனி முட்டுக் கொடுக்கச் சோம்பல்பட்டு அடிப்பலகையை நிலையின் தலையிலேயே சுமத்தினால், காங்கிரீட் எடையில் தலைச்சட்டம் லேசாக வளையும். வளைந்தது வளைந்தபடியே மேலே லிண்டல் இறுகிவிடும். அப்புறம் ஆசாரி கதவின் தலையைச் சீவிச் சீவித்தான் பொருத்த வேண்டும். "உன் கூலி போயிரும், என் பேரு போயிரும்" என்று இவர் சத்தம்போட, "ஒரு நாள் வேலைக்கு எத்தனை முட்டு வைக்கிறது" என்று அவர் முறைப்பார். வீட்டுக்காரருக்கு இது இரண்டு ஆட்களின் சண்டை. இன்ஜினியராவது இது இரண்டு கண்காணிப்புகளுக்கு நடுவே விழுந்த ஓட்டை என்று பார்க்க வேண்டும்.

ஆட்களை நடத்தும் விதமும் வேறு. தச்சுக் குழு சிறியது; மூன்று நான்கு பேர். பெரும்பாலும் உறவு, அல்லது ஊர்க்காரர் மகன். மாமா, சித்தப்பா என்ற அழைப்பிலேயே அதிகாரம் அடங்கிவிடும். உளியைத் தீட்டக் கற்றுக்கொள்வதற்கே மாதங்கள் ஆகும். அதுவரை பையன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பான். சென்ட்ரிங் குழு பெரியது, நாளுக்கு நாள் மாறுவது. பெரிய வேலைகளில் இன்று ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் கணிசம். மேஸ்திரி பாதித் தமிழ், பாதி இந்தி, மீதி சைகை என்று சமாளிக்கிறார். 'நிறுத்து', 'கீழே ஆள்', 'இறக்கு' என்ற மூன்று சொற்களாவது எல்லோருக்கும் ஒரே பொருளில் புரிகிறதா என்று காலையில் ஒருமுறை சோதிப்பது இன்றைய சென்ட்ரிங் மேற்பார்வையாளரின் கடமைகளில் ஒன்று. எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

பயிற்சியிலும் இந்தப் பிரிவு தெரிகிறது. தேசியத் திறன் மேம்பாட்டு ஏற்பாட்டில் ஷட்டரிங் கார்பெண்டர் கட்டுமானத் துறைக் கவுன்சிலின் கீழ் வருகிறார். அறைகலன் தச்சருக்குத் தனிக் கவுன்சில். ஐ.டி.ஐ.யில் கார்பெண்டர் பிரிவில் படித்து வரும் பையனைச் சென்ட்ரிங்குக்கு அழைத்துப்போனால் அவன் திருதிருவென்று விழிப்பது இயல்பே.

பாதுகாப்பில் ஆசாரிக்கு ரம்பமும் இழைப்பு மெஷினும் பகை. காவல் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது பரவலான கெட்ட பழக்கம். அடிபட்டால் ஒருவருக்கு, பெரும்பாலும் விரலில். சென்ட்ரிங்கில் தவறினால் கீழே இருக்கும் எல்லோருக்கும்.

இதுவரை சொன்னது திறமை சார்ந்த வித்தியாசம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பணம் இழுக்கும் திசை. தச்சு வேலையில் மரம் வீட்டுக்காரருடையது, மேஸ்திரிக்குக் கூலி. நாள்கூலி என்றால் வேலை நீளும்; மொத்தக் கூலி என்றால் முன்பணம் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கும் ஒரு கால் வைப்பார். கழிவு அதிகமானால் நஷ்டம் அவருக்கில்லை. ஆகவே அவரைச் சறுக்க வைப்பது தாமதமும் விரயமும். இது எரிச்சலூட்டும், செலவு வைக்கும், ஆளைக் கொல்லாது.

சென்ட்ரிங்கில் நேர்மாறு. சீட்டும் ஜாக்கியும் ரன்னரும் மேஸ்திரியுடையவை, அல்லது அவர் வாடகைக்கு எடுத்தவை. அவருக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. கூரைக்கு அடியில் சாமான் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஓடுகிறது, அல்லது அடுத்த வேலைக்கு அனுப்ப முடியாமல் முடங்குகிறது. அடுத்த வீட்டுக்காரர் போனில் நெருக்குகிறார். மேல்மாடி எழுப்பும் காண்ட்ராக்டரும் அதே சீட்டைக் கேட்கிறார். பிரிப்பதைத் தள்ளிப்போடுவதால் அவருக்கு ஒரு ரூபாய் லாபமில்லை. முன்கூட்டிப் பிரித்தால் எல்லாம் லாபம். அந்த மனிதரிடம்தான் "முட்டை எப்போது எடுக்கலாம்?" என்ற கேள்வியை நாம் விட்டுவைத்திருக்கிறோம். அவர் யோக்கியரா இல்லையா என்பதல்ல பிரச்சினை. யோக்கியமான மனிதரையே தவறு செய்யத் தூண்டும் ஏற்பாடு இது.

சட்டம் இதை உணர்ந்திருந்தது. 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த மத்திய விதிகள், காங்கிரீட் இறுகிவிட்டதைப் பொறுப்பான ஒருவர் பரிசோதித்துச் சான்றளித்து, அதைப் பதிவு செய்த பிறகே அச்சைப் பிரிக்கத் தொடங்க வேண்டும் என்றன. ஆனால் அந்தச் சட்டம் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களைத் தொடவில்லை. பத்து லட்சம் ரூபாய்க்கு மிகாத சொந்தக் குடியிருப்பையும் விட்டுவிட்டது. சட்டத்துக்கு உட்பட்ட தனி வீடுகளில்கூட அப்படி ஒரு பதிவேட்டைப் பார்த்தவர்கள் அபூர்வம். சிங்கப்பூர் இதை வேறு விதமாகக் கையாள்கிறது. அங்கே 2007ஆம் ஆண்டுக் கட்டுமானப் பாதுகாப்பு விதிகளில் 'ஃபார்ம்வொர்க் சூப்பர்வைசர்' என்பது சட்டம் பெயர் சொல்லும் பதவி. 9 மீட்டருக்கு மேல் உயரும் அச்சு அமைப்பு என்றால் பதிவுபெற்ற பொறியாளர் வடிவமைக்க வேண்டும். அதற்காக அங்கே விபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது: 2012 ஜூலையில் பூகிஸ் ரயில்நிலையக் கட்டுமானத்தில் காங்கிரீட் ஊற்றும்போது அச்சுத்தாங்கி சரிந்து இருவர் இறந்தார்கள். ஆனால் விழுந்த மறுநாள் யார் பார்த்திருக்க வேண்டும் என்று அங்கே தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து அந்த ஊருக்குப் போய் இந்த வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நம் மாவட்டங்களில் எத்தனையோ பேர். சரிபார்ப்புத் தாளும் கையெழுத்தும் அவர்களுக்குப் பழக்கம்தான். இங்கே யாரும் கேட்பதில்லை. அதனால் அவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

கேட்காததற்குக் காரணம் மரியாதையைப் பங்கிட்டிருக்கும் விதம். தலைவாசல் நிலை வைக்கும் நாளில் நல்ல நேரம் பார்க்கிறோம். மாவிலை, மஞ்சள், குங்குமம். ஆசாரிக்கு வேட்டி, துண்டு, தட்டில் பணம். அவர் வேலை கண்ணுக்குத் தெரியும்படி தலைமுறைக்கும் நிற்கப்போகிறது. அந்த மரியாதை அவருக்குத் தகும். சென்ட்ரிங் மேஸ்திரியின் வேலை முழுவதும் பிரித்து லாரியில் ஏற்றப்படுவதற்காகவே செய்யப்படுவது. கூரை போட்ட அன்று ஆட்களோடு சேர்த்து அவருக்கும் ஒரு பிரியாணிப் பொட்டலம், அவ்வளவே. வீட்டுக்காரர் ஆசாரியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சட்டத்தையும் தடவிப் பார்க்கிறார். கூரைக்கு அடியில் ஒருமுறைகூடக் குனிந்து நுழைவதில்லை. நூல் பிசகினால் திருத்திக்கொள்ளக்கூடிய வேலைக்கு நாள் முழுக்கக் கண்காணிப்பு. பிசகினால் திருத்தவே முடியாத வேலைக்கு ஒன்றுமில்லை. என் தீர்ப்பு இதுதான்: ஆசாரியை இன்னும் கொஞ்சம் நம்பலாம், சென்ட்ரிங்கை இன்னும் நிறையப் பார்க்க வேண்டும்.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்ட்ரிங் ஒப்பந்தம் பேசும்போதே, சதுர அடிக் கூலியோடு முட்டுகள் நிற்க வேண்டிய நாட்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாட்கள் முழுமைக்கும் சாமான் வாடகையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். கதவுக் கைப்பிடிக்குச் செலவழிப்பதைவிட அது பெரிய தொகையாக இருக்காது. பிரிக்கச் சொல்லும் கையெழுத்தை இன்ஜினியர் போடட்டும். சீட்டுக்குச் சொந்தக்காரர் போட வேண்டாம். கூரை போடும் முந்தைய மாலை மேஸ்திரி சுத்தியலோடு உள்ளே நுழையும்போது நீங்களும் கூடவே போங்கள். அவர் ஒரு முட்டைக் காட்டி "இது சரியில்ல, நாளைக்கு வேண்டாம், நாளன்னைக்கு வச்சுக்கலாம்" என்றால், பம்ப் லாரிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று அவரிடம் வாதாடாதீர்கள்.